உடம்பு வளைவதில் ஆளுக்கு ஆள் ஏன் வித்தியாசம்?



சீனி வருத்தம், பிரஷர், இடுப்பு வலி என்று டொக்டரிடம் போனால், மருந்துத் துண்டோடு சேர்த்து "உடம்பை அசையுங்கள், ஏதாவது பயிற்சி செய்யுங்கள்" என்றும் சொல்லியனுப்பும் காலம் இது. நமது பெண்கள் பலர் இன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கைத்தொலைபேசியில் ஓடும் படத்தைப் பார்த்தபடி, பாயை விரித்து யோகாசனப் பயிற்சிகளைச் செய்து பார்க்கிறார்கள். யோகாவோடு சேர்ந்து வரும் மந்திரம், தியானம் பற்றிய மார்க்க விளக்கம் தனியாகப் பேசப்பட வேண்டியது. இங்கு நாம் பேசப்போவது உடம்பு குனிவது, மடங்குவது, நீள்வது பற்றி மட்டுமே.

படத்தில் வரும் பெண் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு மூச்சு விடுவதற்குள் நெற்றியைக் கொண்டுபோய் முழங்காலில் வைத்துவிடுகிறாள். பார்த்துச் செய்யும் நமது சகோதரிக்கோ விரல் நுனி கணுக்காலைக் கூட எட்டுவதில்லை. பக்கத்தில் இருக்கும் தங்கச்சி முதல் நாளே எட்டிப் பிடித்துவிடுகிறாள். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே சட்டியில் உண்டு வளர்ந்த இருவர். ஒருத்திக்கு வளைகிறது, மற்றவளுக்கு வளையவில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில், "அவள் சோம்பேறி, உடம்பை வளைத்து வேலை செய்து பழகாதவள்" என்பதுதான். அதைக் கேட்டவள் இரண்டில் ஒன்றைச் செய்கிறாள். வெட்கப்பட்டுப் பயிற்சியையே விட்டுவிடுகிறாள். அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை வலிந்து மடக்கி, முழங்காலையோ இடுப்பையோ நோகடித்துக்கொள்கிறாள். இரண்டுமே நஷ்டம். இந்த நஷ்டத்தைத் தவிர்க்க, நமது மூட்டு ஓரிடத்தில் வந்து நின்றுவிடுவதற்கு என்ன காரணம் என்று கொஞ்சம் விளங்கிக்கொண்டாலே போதும்.

மூன்று சிறிய பரீட்சைகள்

இதை வாசித்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே செய்து பாருங்கள்.

முதலாவது, ஒரு கையை முன்னால் நீட்டி முழங்கையை நன்றாக நிமிர்த்துங்கள். ஓரிடத்தில் "டக்" என்று நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு முயன்றாலும் போகாது. எந்தத் தசையும் இழுபடுவதாகத் தெரியாது. அங்கே முன்னங்கை எலும்பின் முனை மேற்கை எலும்பின் பின்னாலுள்ள குழியில் போய் முட்டி நிற்கிறது. இது எலும்பு போடும் தடை.

இரண்டாவது, அதே முழங்கையை மடித்துக் கையைத் தோளுக்குக் கொண்டுபோங்கள். இப்போது முன்னங்கைச் சதை மேற்கைச் சதையோடு அமுங்கி நிற்கும். உடம்பு பருத்தவருக்கு முன்னதாகவும் மெலிந்தவருக்குச் சற்றுப் பிந்தியும் நிற்கும். இது சதை போடும் தடை. வயிறு பெருத்த ஒருவர் குனியும்போது இதே தடைதான் குறுக்கே வருகிறது.

மூன்றாவது, விரல்களை இறுகப் பொத்திக்கொண்டு மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மடக்குங்கள். பிறகு விரல்களைத் தளர விட்டு அதே மணிக்கட்டை மடக்குங்கள். இரண்டாவது தடவை கூடுதலாக மடங்குவதைக் காண்பீர்கள். எலும்பும் அதே எலும்பு, மூட்டும் அதே மூட்டு. விரல்களைப் பொத்தியிருந்தபோது புறங்கைப் பக்கமாக ஓடும் தசைநாண்கள் ஏற்கெனவே இழுபட்டிருந்தன, அதனால் மணிக்கட்டுக்கு விட்டுக்கொடுக்க அவற்றிடம் நீளம் மிஞ்சவில்லை. இது தசை போடும் தடை.

ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள். பிணைச்சல் துருப்பிடித்து இறுகியிருந்தால் கதவு பாதியில் நிற்கும். எண்ணெய் விட்டு, மெல்ல மெல்ல ஆட்டினால் திறந்துவிடும். ஆனால் கதவு முழுதாகத் திறந்து சுவரில் முட்டி நிற்கும்போது எண்ணெய் விட்டுப் பயனில்லை. இன்னும் தள்ளினால் பிணைச்சல்தான் கழரும். தசையின் தடை துருப்பிடித்த பிணைச்சல் போன்றது, பொறுமைக்கு இணங்கும். எலும்பின் தடை சுவர் போன்றது, அதோடு மல்லுக்கட்டினால் சேதம் மூட்டுக்கே.

அமெரிக்காவைச் சேர்ந்த பால் கிரில்லி என்ற யோகா ஆசிரியர் இந்த வித்தியாசத்தைப் பயிற்சியாளர்களிடையே பரவலாக எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர். வெவ்வேறு மனிதர்களின் எலும்புகளை அருகருகே வைத்துக் காட்டி, ஒரே ஆசனம் எல்லோருக்கும் ஒரே அளவில் வராது என்பதை அவர் விளக்கினார். அதைக் கண்ணால் பார்க்கும் எவருக்கும், மற்றவரோடு தன்னை ஒப்பிட்டு வருந்தும் எண்ணம் குறைந்துவிடும்.

இடுப்புக்குள் ஒளிந்திருக்கும் வித்தியாசம்

நமது முகங்கள் எப்படி ஒன்றுபோல் இல்லையோ, அப்படியே எலும்புகளும் ஒன்றுபோல் இல்லை. மூக்கின் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது, இடுப்பெலும்பின் வித்தியாசம் தோலுக்கும் சதைக்கும் உள்ளே மறைந்திருக்கிறது.

தொடை எலும்பின் மேல்முனை பந்து போல் உருண்டு, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் பொருந்தியிருக்கிறது. பந்துக்கும் எலும்பின் நீண்ட தண்டுக்கும் இடையில் கழுத்துப் போன்ற ஒரு பகுதி உண்டு. இந்தக் கழுத்து நேராகப் பக்கவாட்டில் நிற்பதில்லை, சற்று முன்பக்கம் திரும்பியிருக்கும். பிறந்த குழந்தையில் இந்தத் திருப்பம் 30 முதல் 40 பாகை வரை இருக்கும். வளர வளரக் குறைந்து, பெரியவர்களில் சராசரியாக 15 பாகை அளவில் வந்து நிற்கும். சராசரி என்றுதான் சொன்னேன். சிலருக்கு அது 5 பாகையைக் கூட எட்டுவதில்லை, வேறு சிலருக்கு 25 பாகையையும் தாண்டிவிடுகிறது. அந்தக் கிண்ணமும் அப்படித்தான். சிலருக்கு ஆழம் அதிகம், சிலருக்குக் குறைவு. சிலருக்கு முன்நோக்கியும் சிலருக்குச் சற்றுப் பக்கவாட்டாகவும் திரும்பியிருக்கும்.

இதனால் என்ன நடக்கிறது? கழுத்து முன்பக்கம் அதிகம் திரும்பியவர்களுக்குத் தொடை உட்பக்கமாக இலகுவாகச் சுழலும், வெளிப்பக்கமாகச் சுழல்வது கஷ்டம். திருப்பம் குறைந்தவர்களுக்கு இது தலைகீழ். குர்ஆன் மத்ரஸாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஓதுவதைக் கவனித்தால் இதைக் காணலாம். ஒரு பிள்ளை சம்மணம் கொட்டி மணிக்கணக்கில் சுகமாக இருக்கும், முழங்கால்கள் இரண்டும் பாயில் படிந்திருக்கும். இன்னொரு பிள்ளைக்குச் சம்மணத்தில் முழங்கால்கள் காதுக்கு எழும்பும். ஆனால் அதே பிள்ளை இரு பாதங்களையும் வெளியே விரித்து, நடுவில் நிலத்தோடு நிலமாக இலகுவாக உட்கார்ந்துவிடும். முதல் பிள்ளைக்கு அப்படி உட்காரச் சொன்னால் முகம் சுளிக்கும். இதில் ஒன்று அடக்கமான பிள்ளை, மற்றது குழப்படிப் பிள்ளை என்று முடிவு கட்டுவதற்கு எதுவுமில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் படைப்பிலேயே இடுப்பு மூட்டு இரண்டு விதம்.

உடம்பின் நீள அகலமும் கணக்கில் வர வேண்டும். கை நீண்டு, கால் குட்டையானவர் குனிந்தால் பாதத்தைத் தொடுவது இலகு. கால் நீண்டு, கை குட்டையானவருக்குத் தசை எவ்வளவு நெகிழ்ந்திருந்தாலும் விரலுக்கும் பாதத்துக்கும் இடையில் நாலு விரற்கடை மிஞ்சத்தான் செய்யும். பாதத்தைத் தொட்டவர் தேறிவிட்டார், தொடாதவர் தோற்றுவிட்டார் என்று அளப்பது எவ்வளவு பிழை என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

கடன் பட்டது இடுப்பு, கட்டுவது முழங்கால்

இதை அறியாமல் பயிற்சி செய்வதில் பெரிய ஆபத்து முழங்காலுக்குத்தான். பத்மாசனம் என்று சொல்லப்படும் இருக்கையில் இரு பாதங்களையும் எதிர்த் தொடைகளின் மேல் வைக்க வேண்டும். அதற்குத் தொடை இடுப்பிலிருந்து வெளிப்பக்கமாக மிகவும் சுழல வேண்டும். இடுப்பு மூட்டு பந்தும் கிண்ணமும் ஆனபடியால் சுழலும் தன்மை அதற்கு உண்டு. முழங்கால் அப்படியல்ல. அது பெரும்பாலும் பிணைச்சல் போல மடங்கி நிமிரவே அமைந்தது, மடங்கிய நிலையில் சொற்பமாகவே திரும்பும்.

இடுப்பு ஓரளவுக்கு மேல் சுழல மறுத்த பிறகும் பாதத்தைக் கையால் பிடித்து இழுத்துத் தொடை மேல் வைத்தால், மிச்சத் திருகலை முழங்கால்தான் தாங்க வேண்டும். முழங்காலுக்குள் இரு எலும்புகளுக்கும் இடையில் மெத்தை போலப் பிறை வடிவக் குருத்தெலும்புகள் இரண்டு இருக்கின்றன. அந்தத் திருகலில் அவை நசுங்கலாம், கிழியலாம். பக்கவாட்டுக் கட்டுநார்களும் இழுபடலாம். இந்தக் குருத்தெலும்பின் பெரும் பகுதிக்கு இரத்த ஓட்டம் மிகவும் குறைவு, ஆகவே கிழிந்தால் இலகுவில் ஆறாது. ஆகவே ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உட்காரும் பயிற்சி எதுவாயினும் முழங்காலுக்குள் வலி எடுத்தால் அந்த இடத்தோடு நிறுத்த வேண்டும். "கொஞ்சம் பொறுத்தால் பழகிவிடும்" என்ற பேச்சு முழங்காலுக்குப் பொருந்தாது.

லாகூரில் ஆராயப்பட்ட எலும்புகள்

எலும்பு பிறப்போடு வந்தது, வாழ்க்கை முறைக்கு அதில் பங்கே இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லாகூர் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஹேவ்லொக் சார்ள்ஸ் என்பவர், பஞ்சாப் மக்களின் கால் எலும்புகளை ஆராய்ந்து 1893இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குந்தியிருந்து வேலை செய்து பழகிய அம்மக்களின் கணுக்கால் மூட்டில், முன்பக்கத்தில் எலும்புகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் வழுவழுப்பான சிறு தளங்கள் இருப்பதை அவர் விவரித்தார். கதிரையில் இருந்து பழகிய ஐரோப்பியரின் எலும்புகளில் இவை அரிதாகவே காணப்பட்டன. இன்றும் மண்ணில் தோண்டியெடுக்கப்படும் பழைய எலும்புகளைக் கொண்டு, அந்த மனிதர் குந்தியிருந்து வாழ்ந்தவரா என்று அறிய ஆய்வாளர்கள் இந்த அடையாளத்தைத் தேடுகிறார்கள்.

நமது உம்மம்மாமார் நிலத்தில் இருந்து தேங்காய் துருவினார்கள், மீன் அரிந்தார்கள், அடுப்பு ஊதினார்கள், கிணற்றடியில் குந்தியிருந்து உடுப்புத் துவைத்தார்கள். இன்று குசினியில் எல்லாம் நின்றுகொண்டே நடக்கிறது. சாப்பாடு மேசையில், மலசலகூடத்திலும் கதிரை போன்ற இருக்கை. குந்துவதற்கு ஒரு நாளில் ஒரு தேவையும் ஏற்படாத பெண்ணின் கெண்டைக்கால் தசை சுருங்கிப்போவதில் வியப்பில்லை. எழுபது வயது உம்மம்மா குந்தியிருந்து எழும்புகிறார், முப்பது வயதுப் பேத்திக்குக் குதிகால் நிலத்தில் படுவதில்லை என்றால், அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு பழக்கத்துக்கும் உண்டு. பழக்கத்தால் இழந்த பங்கைப் பழக்கத்தால் ஓரளவு மீட்கவும் முடியும்.

தசை ஏன் பிடிவாதம் பிடிக்கிறது?

இனித் தசையின் பக்கம் வருவோம். தசைக்குள் அது எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கும் நுண்ணிய உணர்வுறுப்புகள் உண்டு. தசை திடீரென்று இழுபட்டால் அவை முள்ளந்தண்டுக்குச் செய்தி அனுப்பும். மூளையைக் கேட்காமலேயே "சுருங்கு" என்ற கட்டளை அங்கிருந்து திரும்பி வரும். டொக்டர் சிறிய சுத்தியலால் முழங்காற் சில்லுக்குக் கீழே தட்டும்போது கால் தானாகத் துள்ளுவது இதனால்தான். இந்த அனிச்சைச் செயலை 1924இல் லிடெல் என்பவரோடு சேர்ந்து விவரித்தவர் ஆங்கிலேய அறிஞர் ஷெரிங்டன். நரம்பு மண்டலம் பற்றிய ஆய்வுக்காக 1932இல் அவருக்கு நோபல் பரிசும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. உடம்பை வெட்டி வெட்டிக் குனிவதும், துள்ளித் துள்ளிப் பாதத்தைத் தொட முயல்வதும் தசையைப் பயமுறுத்துகின்றன. பயந்த தசை இன்னும் இறுகும். மெல்லப் போய், இலேசான இழுவை தெரியும் இடத்தில் நின்று, மூச்சை நிதானமாக விட்டால் தசை சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும்.

சில வாரங்கள் பயிற்சி செய்த பிறகு கூடுதலாக வளைகிறதே, தசை நீளமாகிவிட்டதா என்று கேட்கலாம். முன்பு அப்படித்தான் பொதுவாக நம்பினார்கள். 2010இல் வெப்லர், மக்னுஸன் ஆகிய இருவரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சில வாரப் பயிற்சியில் கிடைக்கும் முன்னேற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் உணர்வின் மாற்றம்தான் என்று எடுத்துக்காட்டினார்கள். அதாவது தசை அவ்வளவாக நீளவில்லை, அந்த இழுவையை ஆபத்தில்லாதது என்று ஏற்றுக்கொள்ள உடம்பு பழகிவிட்டது.

கவலையும் பயமும் குளிரும் களைப்பும் இந்த இறுக்கத்தைக் கூட்டுகின்றன. பிள்ளையின் பரீட்சை, கணவரின் தொழில், மாமியின் வருத்தம் என்று நாள் முழுவதும் தோளை உயர்த்திக்கொண்டே வேலை செய்த பெண்ணின் கழுத்தும் தோளும் இரவில் கல்லாய் இருப்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் எழுந்தவுடன் வளையாத உடம்பு அஸருக்குப் பிறகு வளைவதும் உண்டு. எலும்பு ஒரே நாளில் மாறுவதில்லை. ஆகவே நேரத்துக்கு நேரம் மாறும் தடை, பெரும்பாலும் தசையின் தடை என்று அறிந்துகொள்ளலாம்.

அதிகமாக வளைந்தாலும் கவனம்

வளையாதவளுக்கு மட்டும்தான் அறிவுரை என்று வளைபவள் எண்ணிவிட வேண்டாம். சில உடம்புகளில் மூட்டைக் கட்டும் நார்கள் பிறப்பிலேயே தளர்ந்திருக்கும். இதை அளக்க வைத்தியர்கள் 1973ஆம் ஆண்டு முதல் பெய்டன் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். சின்னவிரல் பின்னோக்கி 90 பாகையைத் தாண்டுகிறதா, பெருவிரல் மடங்கி முன்னங்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் நேர்நிலையைத் தாண்டி 10 பாகைக்கு மேல் பின்னால் வளைகின்றனவா, முழங்கால் மடங்காமல் குனிந்து உள்ளங்கையை நிலத்தில் பதிக்க முடிகிறதா என்று பார்த்து, மொத்தம் 9 புள்ளிகள் கொடுப்பார்கள்.

இந்தத் தளர்வு ஆண்களை விடப் பெண்களிடமும், பெரியவர்களை விடப் பிள்ளைகளிடமும் அதிகம். வகுப்பில் எல்லோரும் மெச்சுவது இவர்களைத்தான். ஆனால் மூட்டு இடம் விலகுவதும், காரணம் தெரியாத மூட்டு வலியும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. இவர்களுக்குத் தேவை இன்னும் வளைவது அல்ல, மூட்டைச் சுற்றியுள்ள தசைகளைப் பலப்படுத்துவதாகும். கர்ப்ப காலத்திலும் உடம்பின் கட்டுநார்கள் தளர்கின்றன. "முன்னை விட நன்றாக வளைகிறது" என்று மகிழ்ந்து, கர்ப்பிணியும் புதிதாகப் பிள்ளை பெற்றவளும் கடைசி எல்லை வரை போகக் கூடாது.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இதன் எதிர்ப்பக்கம். நாட்பட்ட சீனி, மூட்டைச் சுற்றியுள்ள நார்களை விறைக்கச் செய்யும். இரு உள்ளங்கைகளையும் சேர்த்தால் விரல்கள் முழுதாகப் பொருந்தாமல் இடைவெளி தெரிவது அதன் ஓர் அடையாளம். தோள் உறைந்து போவதும் இவர்களிடம் கூடுதல், அதுவும் 40 முதல் 60 வயதுக்குள். கையைப் பின்னால் கொண்டுபோய் உடுப்புக் கொக்கியை மாட்ட முடியாமற்போன ஒரு பெண்ணைச் "சோம்பேறி" என்பது எவ்வளவு அநியாயம்!

ஆசான்களே கண்ட பாடம்

யோகாசனத்தின் பெரிய ஆசான்களும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். இன்று உலகமெங்கும் பரவியுள்ள பல பயிற்சி முறைகளின் மூலவர் கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). 1930களில் மைசூர் அரண்மனை ஆதரவில் அவர் இளம் பையன்களுக்கு வேகமும் கடுமையும் கொண்ட பயிற்சிகளைக் கற்பித்தார். 1952இல் சென்னைக்கு வந்த பிறகு அவரிடம் வந்தவர்களில் நோயாளிகளும் வயோதிபரும் இருந்தார்கள். அங்கே ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து, அவரவர் உடம்புக்கேற்பப் பயிற்சியை மாற்றிக் கொடுத்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய யோக மந்திரமும் இந்த வழியையே பின்பற்றியது.

அவருடைய மைத்துனரும் மாணவருமான பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014) சிறு வயதில் மலேரியா, நெருப்புக் காய்ச்சல், கசம் ஆகியவற்றால் நலிந்து, விறைத்த உடம்போடு பயிற்சிக்கு வந்தவர். பிற்காலத்தில் புனே நகரில் கற்பித்தபோது, பாதத்தைத் தொட முடியாதவருக்கு ஒரு பட்டி, நிலத்தை எட்டாத கைக்குக் கீழே ஒரு மரக்கட்டை, நிற்க இயலாதவருக்கு ஒரு கதிரை என்று துணைப் பொருட்களை அவர் தாராளமாகப் பயன்படுத்தினார். பயிற்சியை உடம்புக்கு ஏற்றதாக்கினாரே அன்றி, உடம்பை உடைத்துப் பயிற்சிக்குள் திணிக்கவில்லை.

தொழுகையின் இருப்பில்

உடம்பின் இந்த எல்லை நமது தொழுகையையும் தொடுகிறது. இடது பாதத்தைப் பரப்பி அதன் மேல் இருந்து, வலது பாதத்தை நட்டு வைக்கும் இருப்புக்கு முழங்காலும் கணுக்காலும் கால் விரல்களும் நன்றாக மடங்க வேண்டும். இது எல்லோருக்கும் இலகுவாக வருவதில்லை.

புகாரியில் பதிவான ஒரு செய்தி இங்கு நினைவுகூரத் தக்கது. இப்னு உமர் (ரழி) அவர்கள் தொழுகை இருப்பில் சம்மணமிட்டு இருப்பதைக் கண்ட அவர்களுடைய மகன், சிறு வயதினராக இருந்தபடியால், அப்படியே தாமும் இருந்தார். தந்தை மகனைத் தடுத்து, சுன்னத்தான இருப்பு எது என்பதைக் கற்றுக்கொடுத்தார்கள். "நீங்கள் இப்படி இருக்கிறீர்களே" என்று மகன் கேட்டபோது, தமது கால்கள் தம்மைத் தாங்குவதில்லை என்று காரணம் கூறினார்கள். சுன்னத்தைப் பேணுவதில் பெயர் பெற்ற ஒரு ஸஹாபி அவர்கள். இயலும் மகனுக்குச் சுன்னத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள், இயலாத தமது கால்களை வருத்தவில்லை. மூல வருத்தம் இருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்கள் கேட்டபோது, நின்று தொழுமாறும், இயலாவிட்டால் இருந்தும், அதுவும் இயலாவிட்டால் விலாப்புறமாகப் படுத்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதும் நாம் அறிந்ததே.

ஆகவே முழங்கால் தேய்ந்த ஒரு உம்மா கதிரையில் இருந்து தொழுவதைப் பார்த்து முணுமுணுக்க யாருக்கும் உரிமையில்லை. அதே வேளை, இயலுமையுள்ளவர் வெறும் சுகத்துக்காகக் கதிரையைத் தேடுவதும் சரியாகாது. தமக்கு எது இயலும் எது இயலாது என்பதை நேர்மையாக அறிந்து, சந்தேகமிருப்பின் டொக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டு நடப்பதே முறை.

வீட்டில் எப்படிக் கண்டுகொள்வது?

தடை எலும்புடையதா, தசையுடையதா என்று முடிவாகச் சொல்ல வைத்தியர் வேண்டும். ஆனாலும் சில அடையாளங்களை நாமே கவனிக்கலாம்.

• குனியும்போது தொடையின் பின்புறம் நீளமாக ஓர் இழுவை தெரிந்தால் அது தசை. முழங்காலைச் சற்று மடித்தவுடன் இலகுவாகக் குனிய முடிந்தால் இது உறுதியாகும்.

• காலை மடக்கும்போது இழுபடும் பக்கத்தில் ஒன்றும் தெரியாமல், மடங்கும் பக்கத்தில், உதாரணமாகத் தொடை இடுக்கின் முன்பக்கத்தில், குத்துவது போலவோ நெரிவது போலவோ இருந்தால் அங்கே எலும்போடு எலும்பு நெருங்குகிறது என்று கொள்ளுங்கள். அதற்கு மேல் தள்ளாதீர்கள். காலைச் சற்று அகட்டியோ பாதத்தைத் திருப்பியோ பார்த்தால் பெரும்பாலும் வழி கிடைக்கும்.

• குந்தும்போது குதிகால் எழும்பினால், மடித்த துவாயைக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். இலகுவானால் தடை கணுக்காலில் இருக்கிறது.

• சம்மணத்தில் முழங்கால் எழும்பினால், முழங்காலை அமுக்காமல், ஒரு தலையணையை வைத்து அதன் மேல் உட்காருங்கள்.

• தசையை நீட்டும் பயிற்சியை உடம்பு சூடான பிறகு, சற்று நடந்துவிட்டோ வீட்டு வேலை முடித்துவிட்டோ செய்யுங்கள். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டலில், ஒரு நீட்டலில் 10 முதல் 30 செக்கன் வரை, வயது முதிர்ந்தவர்கள் 30 முதல் 60 செக்கன் வரை நிற்பதும், வாரத்தில் குறைந்தது 2 அல்லது 3 நாட்கள் செய்வதும் போதுமென்று சொல்லப்பட்டுள்ளது.

• மூட்டு வீங்குதல், மடங்கிய நிலையில் பூட்டிக்கொள்ளுதல், கால் விறைத்தல், இடுப்பிலிருந்து பாதம் வரை மின்சாரம் போல வலி ஓடுதல் ஆகியன இருந்தால் பயிற்சியை நிறுத்தி டொக்டரைக் காணுங்கள்.

இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அணுவளவும் அசையாத ஒரு தடை உங்கள் உடம்பில் இருந்தால், அதுவே உங்கள் எலும்பின் எல்லையாக இருக்கலாம். அதற்காகப் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. மற்றவரைப் போல வளைவது பயிற்சியின் நோக்கமல்ல. இரத்தம் ஓட வேண்டும், மூட்டு துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும், வயதான காலத்தில் பிறர் கையை எதிர்பாராமல் இருந்தெழும்ப வேண்டும். அதற்குப் பாதத்தைத் தொட வேண்டிய அவசியமில்லை, பாதத்தை நோக்கிப் பொறுமையாகக் குனிந்தாலே போதும்.

உம்மாமாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகள் பயிற்சி செய்யும்போது, "உன் ராத்தாவைப் பார், எப்படி வளைகிறாள்!" என்று சொல்லாதீர்கள். ராத்தாவின் இடுப்பெலும்பு ராத்தாவுடையது. "உனக்கு எங்கே இழுக்கிறது, எங்கே நோகிறது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகிய பிள்ளை, தன் உடம்பின் எல்லையையும் அறிவாள், நாளை உங்களுக்கு முழங்கால் மடங்காத காலம் வரும்போது உங்கள் எல்லையையும் அறிந்து நடப்பாள்.